எந்தப் பக்கத்தில் அவன் ‘அவர்’ ஆனான்?

கேள்வி: சிங்கப்பூரில் ஈசூன் வட்டாரத்தில் ஒரு தொடக்கப்பள்ளியில் தமிழாசிரியையாக இருக்கிறேன். இது மூன்றாவது ஆண்டு. போன வாரம் என் தொடக்கநிலை 2 வகுப்பில் பார்வையற்றவர்கள் விரலால் தொட்டு வாசிக்கும் புள்ளி எழுத்தை உருவாக்கிய லூயி பிரெய்லின் வாழ்க்கையைச் சொல்லும் படப் புத்தகம் ஒன்றை வாசித்தேன். ஆங்கிலப் புத்தகம், நூலகத்தில் இரவல் வாங்கியது. ஒவ்வொரு பக்கத்தையும் ஆங்கிலத்தில் வாசித்து, உடனே தமிழிலும் சொன்னேன். சின்ன வயதில் அவர் கண்ணில் குத்தூசி பட்ட பக்கம் வந்ததும் ஒரு பெண் பிள்ளை காதைப் பொத்திக்கொண்டாள். மற்றவர்கள் “பாவம் டீச்சர்” என்றார்கள். ஒரு பையன் மட்டும், “டீச்சர், அவங்க அப்பாவுக்கு ஏச்சு விழுந்துச்சா?” என்று கேட்டான். நேரமில்லாததால், “அப்புறம் பேசலாம்” என்று சொல்லி அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டேன். கடைசியில், “இந்தக் கதையிலிருந்து என்ன கற்றுக்கொண்டோம்?” என்றதும் எல்லாரும் ஒரே குரலில், “கடினமாக உழைக்க வேண்டும்!” என்றார்கள். எனக்கே உற்சாகம் வடிந்துவிட்டது. அன்று இரவு, காதைப் பொத்திய பிள்ளையின் அம்மா செய்தி அனுப்பியிருந்தார்: மகள் தனியாகத் தூங்க மாட்டேன் என்கிறாள், இந்த வயதில் இப்படிப்பட்ட கதை தேவையா என்று. அடுத்த வாரம் இன்னொரு வகுப்புக்கும் இதே புத்தகம்தான் வைத்திருந்தேன். எடுத்துச் செல்லவா, வேண்டாமா?

பதில்:

அன்புள்ள ஆசிரியைக்கு,

எடுத்துச் செல்லுங்கள். கூடவே அந்தப் பையனின் கேள்வியையும் கொண்டு போங்கள். உங்கள் கடிதத்தில் நான் திரும்பப் போய் வாசித்த வரி அதுதான்.

ஏழு எட்டு வயதுப் பிள்ளைக்கு வீட்டு நடப்பு நன்றாகவே தெரியும். ஒரு கண்ணாடிக் குவளை உடைந்தால் அடுத்த நிமிடம் யாருக்கு ஏச்சு விழும் என்று அவனால் கணிக்க முடியும். பட்டறை அப்பாவுடையது. குத்தூசியும் அப்பாவுடையது. மூன்று வயதுப் பிள்ளை அதை எடுத்த நேரத்தில் அப்பா எங்கே பார்த்துக்கொண்டிருந்தார்? உங்கள் வகுப்பில் மற்றவர்கள் எல்லாரும் படத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, இவன் அந்தப் பட்டறைக்குள்ளேயே போய் நின்றுவிட்டான். அவனுக்கு நாம் சொன்னது ‘அப்புறம்’. நானும் பல தடவை சொல்லியிருக்கிறேன், அதனால் உங்களை ஏச எனக்கு வாயில்லை.

அவனுக்கு என்ன பதில் சொல்வது? ஏச்சு விழுந்ததா என்பதற்குப் புத்தகத்தில் விடை இல்லை என்று நேராகச் சொல்லுங்கள். அப்புறம், தெரிந்ததைச் சொல்லுங்கள். பாரிசுக்குக் கிழக்கே கூவ்ரே என்ற சின்ன ஊர். அப்பா குதிரைக்குச் சேணமும் கடிவாளமும் செய்பவர். தடித்த தோலில் துளை போடக் குத்தூசி வேண்டும். அப்பா செய்வதைப் பார்த்த பிள்ளை தானும் செய்து பார்த்தான், கை வழுக்கியது. ஒரு கண்ணில் பட்ட காயம் சீழ் பிடித்து மற்றக் கண்ணுக்கும் பரவியது. அதைத் தடுக்கும் மருந்து அந்தக் காலத்தில் கிடையாது. ஐந்து வயதுக்குள் இரண்டு கண்ணும் போய்விட்டது. அதன் பிறகு அந்த அப்பா, மகன் ஊரைச் சுற்றி நடக்க ஊன்றுகோல் செய்து கொடுத்தார். வீட்டிலேயே உட்கார்த்தி வைக்காமல், மற்றப் பிள்ளைகளோடு ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கும் அனுப்பினார்கள். இவ்வளவும் சொல்லிவிட்டு, “அந்த அப்பாவைப் பற்றி நீ என்ன நினைக்கிறாய்?” என்று அவனிடமே திருப்பிக் கேளுங்கள். அவனுக்கு ஒரு நிமிடம் கொடுங்கள். வகுப்பில் ஒரு நிமிட அமைதி நமக்குத்தான் நீளமாகத் தெரியும், பிள்ளைகளுக்கு இல்லை.

சரி, பயந்த பிள்ளைக்கு வருகிறேன். அவளுடைய அம்மா கேட்டதில் தவறு இல்லை, பிள்ளை தூங்காவிட்டால் யார்தான் கேட்க மாட்டார்கள். ஆனால் அந்தப் பக்கத்தை ஒட்டி மறைத்துவிட்டு வாசிக்கலாமா என்று யோசிக்காதீர்கள். குத்தூசி இல்லாமல் இந்தக் கதையே இல்லை. பிள்ளைகளைக் கலங்கடிப்பது பெரும்பாலும் திடீரென்று வருவதுதான். எனவே அட்டையைக் காட்டும்போதே சொல்லிவிடுங்கள்: “இவன் பெயர் லூயி. சின்ன வயதில் இவனுக்கு ஒரு விபத்து நடக்கும். நடுவில் ஒரு பக்கம் கொஞ்சம் கஷ்டமாக இருக்கும், அப்போது நான் மெதுவாகச் சொல்வேன். ஆனால் இவன் வளர்ந்து பெரியவனாகி, ஆசிரியராகவும் ஆவான்.” முடிவு முன்பே தெரிந்தால் சுவாரசியம் போய்விடும் என்பது பெரியவர்களின் கவலை. அந்த வயதில் ஒரே கதையை நாற்பது தடவை கேட்பார்கள்.

அந்தப் பக்கத்தில் குரலை நடுங்க விடாதீர்கள். நல்ல கதைசொல்லிகள் பலர் வழுக்கும் இடம் அது. சாதாரணக் குரலில் இரண்டு வாக்கியம் சொல்லி, “இப்போது இப்படி நடந்தால் மருத்துவர் இருக்கிறார், மருந்து இருக்கிறது” என்று மூன்றாவதாகச் சேர்த்து, பக்கத்தைத் திருப்புங்கள். காதைப் பொத்தியவள் கேட்க விரும்பியது அநேகமாக அந்த மூன்றாவது வாக்கியம்தான்.

அம்மாவுக்கு நீளமாக விளக்கம் எழுத வேண்டாம். “சொன்னதற்கு நன்றி. அந்தப் பக்கத்தை நான் இன்னும் கவனமாகச் சொல்லியிருக்கலாம். கதையின் மிச்சத்தை நாளை அவளோடு உட்கார்ந்து பேசுகிறேன். புள்ளி எழுத்தில் அவளுக்குத் தெரிந்த ஒரு சொல்லை எழுதி வீட்டுக்குக் கொடுத்தனுப்புகிறேன், உங்களுக்குக் காட்டச் சொல்லுங்கள்.” இது போதும். அட்டை வீட்டுக்குப் போனால் மகளே அம்மாவுக்குக் கதை சொல்வாள்.

இனி மொழி. ஒரு வரி ஆங்கிலம், ஒரு வரி தமிழ் என்று சொன்னீர்கள் இல்லையா, கதை அங்கேயே பாதி செத்துவிட்டது. பிள்ளைகளுக்கு ஆங்கில வரி முதலிலேயே புரிந்துவிடும். அதன் பின்னால் வரும் தமிழ், ஓடி முடிந்த பந்தயத்தில் கடைசியாக வரும் ஆளைப் போல மூச்சு வாங்கிக்கொண்டு வரும். தமிழ் என்றாலே இரண்டாவதாக வருவது என்று பிள்ளை மனத்தில் பதிய, இதைவிடச் சுலபமான வழி இல்லை. ஆங்கில வரிகள் மேல் ஒட்டுத்தாளை ஒட்டிவிடுங்கள். கழற்றினால் கிழியாத வகையாகப் பார்த்து வாங்குங்கள், நூலகப் புத்தகம் ஆயிற்றே! பிறகு படத்தைக் காட்டி உங்கள் தமிழில் சொல்லுங்கள். முதல் நாள் வீட்டில் சமைத்துக்கொண்டே இரண்டு முறை சொல்லிப் பார்த்தால் வாய்க்கு வந்துவிடும்.

இந்தக் கதை தமிழுக்கென்றே அளந்து தைத்த மாதிரி. தொட்டுப் பார்ப்பதைச் சொல்ல நம்மிடம் எத்தனை சொல் இருக்கிறது பாருங்கள்: தொடு, தடவு, வருடு, துழாவு, நெருடு. இரட்டைக்கிளவியை எடுத்தால் சொரசொர, வழவழ, கொரகொர, பிசுபிசு. ஒரு துணிப்பையில் விரலி மஞ்சள், புளியங்கொட்டை, தேங்காய்ச் சிரட்டைத் துண்டு, ஒரு பழைய சாவி போட்டுக்கொண்டு போங்கள். கதைக்கு முன்னால் ஐந்து நிமிடம், பைக்குள் கையை விட்டு, பார்க்காமல், ‘என்ன’ என்று சொல்லாமல், ‘எப்படி’ இருக்கிறது என்று மட்டும் சொல்ல வேண்டும். நான் செய்தபோது ஒரு பையன் புளியங்கொட்டையைப் பிடித்துக்கொண்டு, “டீச்சர், இட்ஸ் லைக்… வழவழா பட் குட்டியா” என்றான். “வழவழப்பா, குட்டியா இருக்கா? சரி” என்று அவன் வாக்கியத்தையே தமிழில் திருப்பிக் கொடுத்தேன். திருத்தவில்லை. அடுத்தவன் அதையே பிடித்துக்கொண்டான்.

கண்ணைக் கட்டி வகுப்பைச் சுற்றி நடக்க விடும் விளையாட்டு மட்டும் வேண்டாம். இந்தப் புத்தகம் என்றாலே பலர் அதைத்தான் செய்கிறார்கள். கண்ணைக் கட்டிய பிள்ளை இரண்டு நிமிடம் தடுமாறி, மேசையில் இடித்து, கட்டை அவிழ்த்ததும் “அப்பாடா” என்கிறது. பார்வையில்லாமல் வாழ்வதென்றால் நாள் முழுக்கத் தடுமாறுவது என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறது. லூயி பத்து வயதில் ஊரைவிட்டுப் பாரிசுக்குப் போய்ப் படித்தவர், பிறகு தேவாலயங்களில் ஆர்கன் வாசித்தவர். தடுமாற்றம் அவர் கதையில் ஒரு சின்னப் பகுதி.

இப்போது ஒன்றைக் கவனித்தீர்களா? மேலே குத்தூசி வரும் இடத்தில் ‘பிள்ளை செய்து பார்த்தான்’ என்று எழுதினேன். இங்கே ‘ஆர்கன் வாசித்தவர்’ என்கிறேன். ஆங்கிலப் புத்தகத்துக்கு இந்தத் தொல்லை கிடையாது, பிறந்ததிலிருந்து இறக்கும் வரை ஒரே சொல்லை வைத்துக்கொண்டு ஓட்டிவிடலாம். தமிழில் சொல்பவர் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். நம் பாடநூல் பழக்கத்தில் பெரியோர் வரலாறு என்றால் தொட்டிலிலேயே மரியாதை தொடங்கிவிடும்: ‘அவர் 1809ஆம் ஆண்டு பிறந்தார், மூன்று வயதில் பட்டறையில் விளையாடினார்.’ மூன்று வயது ‘அவர்’! நினைத்துப் பாருங்கள், தங்கள் தம்பி வயதில் இருப்பவனை ‘அவர்’ என்று கேட்கும் பிள்ளைகளுக்கு, இது நம்மைப் போன்ற ஆள் இல்லை என்று முதல் வரியிலேயே தெரிந்துவிடுகிறது. அதற்கு மேல் என்ன சொன்னாலும் சிலையைப் பார்ப்பது போலத்தான் பார்ப்பார்கள்.

அதனால் ‘அவன்’ என்று தொடங்குங்கள். “லூயி அப்பாவுடைய பட்டறைக்குப் போனான். குத்தூசியை எடுத்தான்.” கதை முழுக்க ‘அவன்’ என்றே சொல்லி முடித்துவிட்டு, இந்தக் கேள்வியைப் போடுங்கள்: “நான் இவ்வளவு நேரமும் ‘அவன்’ என்று சொன்னேன். நீங்கள் சொல்வதாக இருந்தால், எந்தப் பக்கத்திலிருந்து ‘அவர்’ என்று சொல்வீர்கள்?” புத்தகத்தை அவர்கள் கையில் கொடுத்து, பக்கத்தைத் தேடிக் காட்டச் சொல்லுங்கள்.

இதை நான் பல வகுப்புகளில் செய்திருக்கிறேன், ஒரு முறைகூட எல்லாரும் ஒரே பக்கத்தைக் காட்டியதில்லை. பாதிப் பேர், அவன் ஆசிரியரான பக்கத்தைக் காட்டுவார்கள். ஆசிரியர் என்றால் ‘அவர்’தானே, அது விதி. சிலர் 15 வயதில் புள்ளிகளைக் கண்டுபிடித்த பக்கம். ஒரு பெண் பிள்ளை, ஊன்றுகோலோடு தனியாகப் பள்ளிக்குப் போகும் படத்தைத் தொட்டுக் காட்டி, “இங்கேயே அவர்தான்” என்றாள். ஏன் என்று கேட்டேன். “நான் இன்னும் தனியா போனதில்ல டீச்சர்.” இன்னொருவன் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை, அவனுக்கு லூயி ‘அவன்’தான், கூட்டாளி. அதுவும் சரி என்றேன்.

உங்களுக்கு வேண்டிய இலக்கணமும் இதிலேயே வந்துவிடும்: போனான், போனார், எழுதினான், எழுதினார். பயிற்சித்தாளில் பத்து வாக்கியம் மாற்றுவதைவிட இது நன்றாக ஒட்டும். ‘என்ன கற்றுக்கொண்டோம்’ என்ற கேள்வியைக் கேட்கவே தேவையிருக்காது.

அந்தக் கேள்வியைப் பற்றி என் சொந்தக் கதை ஒன்று. ஆசிரியப் பணியின் தொடக்கத்தில் அப்துல் கலாம் பற்றி ஒரு வகுப்பு எடுத்தேன். ராமேசுவரத்தில் சிறுவனாகச் செய்தித்தாள் போட்டது, பிறகு விஞ்ஞானியானது, குடியரசுத் தலைவரானது, எல்லாம் வரிசையாகச் சொல்லி, “நீங்களும் இப்படி உழைத்தால் உயரலாம்” என்று முடித்தேன். முன்வரிசைப் பையன் ரொம்பக் கவலையாகக் கேட்டான்: “டீச்சர், எங்க வீட்டுக்குப் பேப்பரே வராதே?” வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன், வீட்டுக்குப் போய்தான் உறைத்தது. போர்க்காலத்தில் ரயில் ராமேசுவரத்தில் நிற்காது. செய்தித்தாள் கட்டை ஓடுகிற ரயிலிலிருந்து வீசுவார்கள், அதைப் பிடிப்பதில் கலாம் தன் உறவினருக்கு உதவினார். இதை நான் சொல்லவே இல்லை. தெரிந்தும் விட்டுவிட்டேன், நேரமில்லை என்று. ஓடுகிற ரயிலிலிருந்து விழும் ஒரு கட்டு! அதைச் சொல்லியிருந்தால் அந்தப் பையன், “கீழே விட்டுட்டாரா?” என்று கேட்டிருப்பான்.

‘பாவம்’ என்பதும் ‘கடினமாக உழைக்க வேண்டும்’ என்பதும் பிள்ளைகள் நமக்காகத் தயாராக வைத்திருக்கும் பதில்கள். முகத்தைப் பார்த்தே எது வேண்டும் என்று தெரிந்துகொண்டு எடுத்துத் தருவார்கள். ‘பாவம்’ என்றால் ஏச வேண்டாம், அது நல்ல மனசில் வருவதுதான். “எந்தப் பக்கத்தில் பாவம்?” என்று மட்டும் கேட்டுவிட்டு மேலே போங்கள். அந்தப் பக்கத்தில் ஒரு சின்ன ஒட்டுத்தாள். புள்ளிகள் வந்த பிறகு திரும்பிப் போய், “இப்போதும் பாவமா?” என்றால் முகம் சுளிப்பார்கள், அப்போதுதான் பேச்சு தொடங்கும். அப்புறம், ‘குருடர்’ என்ற சொல் ஏதாவது ஒரு பிள்ளை வாயில் வரும், பாட்டி கதையில் கேட்டிருப்பான். பெரிதுபடுத்தாமல், “இப்போது நாம் பார்வையற்றவர் என்று சொல்கிறோம்” என்று கடந்துவிடுங்கள்.

உழைப்பைவிட இந்தக் கதையில் பிள்ளைகளுக்குப் பிடித்துக்கொள்ளத் தோதான விஷயம் வேறு. லூயிக்குக் கிடைத்தது ஒரு தொல்லை பிடித்த சாமான். பாரிஸ் பள்ளியில் இருந்த புத்தகங்களில் சாதாரண எழுத்துகளையே பெரிதாகப் புடைத்து வைத்திருந்தார்கள். ஒவ்வோர் எழுத்தின் வளைவையும் விரலால் சுற்றி வர வேண்டும், புத்தகமோ தூக்க முடியாத கனம். பிறகு சார்ல் பார்பியே என்ற முன்னாள் ராணுவ அதிகாரியின் புள்ளி முறை பள்ளிக்கு வந்தது. புள்ளி நல்ல யோசனைதான், ஆனால் ஒரு குறிக்கு 12 புள்ளி வரை. விரல் நுனி ஒரே தொடலில் அதைப் பிடிக்காது. லூயி அதைப் பாதியாக்கி ஆறாகக் குறைத்தான். 1824இல், 15 வயதில். இந்த இடத்தில் பிள்ளைகளைத் தங்கள் ஆள்காட்டி விரல் நுனியைப் பார்க்கச் சொல்லுங்கள். அந்த அளவுக்குள் ஓர் எழுத்து அடங்க வேண்டும், அவ்வளவுதான் அவனுடைய கணக்கு.

நேரம் இருந்தால், பெரியவர்கள் உடனே கைதட்டவில்லை என்பதையும் சொல்லுங்கள். பள்ளித் தலைவராக வந்த ஒருவர் புள்ளி எழுத்தைத் தடை செய்தார், மாணவர்கள் ஒளித்து வைத்து எழுதினார்கள். தலைமையாசிரியருக்குத் தெரியாமல் எழுதுவது என்றதும் உங்கள் வகுப்பு நிமிர்ந்து உட்காரும், பாருங்கள். லூயி 1852இல் 43 வயதில் காசநோயால் இறந்தார். அந்தப் பள்ளி அதிகாரபூர்வமாகப் புள்ளி எழுத்தை ஏற்றது 1854இல். இறந்து நூறு ஆண்டு கழித்து அவர் உடலைப் பாரிசின் பெரியோர் நினைவகத்துக்கு மாற்றியபோது கைகளை மட்டும் சொந்த ஊரிலேயே வைத்துக்கொண்டார்கள். இதைத் தொடக்கநிலை 2இல் சொல்லிவிடாதீர்கள். நான் சொன்னேன். அன்று நான் திரும்பத் திரும்பப் பதில் சொன்ன கேள்வி ‘எப்படி வெட்டினாங்க’ என்பதுதான்.

படப் புத்தகத்தில் லூயியும் அம்மாவும் பேசுவது போல வசனம் இருக்கும். அது எழுதியவர் நினைத்துப் பார்த்து எழுதியது என்று ஒரு வாக்கியம் சொல்லிவிடுங்கள். “இந்த ஊர், இந்த வயது, இது உண்மை. அம்மா இப்படித்தான் பேசினாரா? அது புத்தகம் எழுதியவருடைய கற்பனை.” ஏழு வயதுக்கு இது புரியாது என்று நினைக்க வேண்டாம்.

இப்போது கைவேலை. இந்த வகுப்பில் நீங்கள் அதிக நேரம் கொடுக்க வேண்டியது இதற்குத்தான், கதையைச் சுருக்கினாலும் பரவாயில்லை. பத்து முட்டை வரும் பெட்டியில், இரண்டு வரிசையாக ஆறு குழி இருக்கும்படி வெட்டிக்கொள்ளுங்கள். இடப் பக்கம் மேலிருந்து கீழே 1, 2, 3. வலப் பக்கம் 4, 5, 6. பந்துகள் போட்டால் பெரிய பிரெய்ல் எழுத்து வந்துவிடும். முதல் குழியில் மட்டும் ஒரு பந்து: அதுதான் ‘அ’. ஆங்கில ‘ஏ’யும் அதேதான். இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவாக 1951இல் ஏற்றுக்கொண்ட பாரதி பிரெய்ல் முறையில் ஒலியைப் பார்த்து எழுத்துகளை அமைத்திருக்கிறார்கள். பாரதி என்றதும் பிள்ளைகள் முண்டாசைத் தேடுவார்கள், இது பாரத நாட்டின் பெயர்.

தமிழாசிரியர்களுக்கு இதில் ஒரு பரிசு இருக்கிறது. பிரெய்லில் உயிர்மெய் எழுத்து ஒட்டி வராது. முதலில் மெய்க்குரிய குறி, பக்கத்தில் உயிர். ‘ம’ என்றால் 1, 3, 4. ‘ஆ’ என்றால் 3, 4, 5. இரண்டையும் அடுத்தடுத்து வைத்தால் ‘மா’. இன்னொரு முறை அதையே வைத்தால் ‘மாமா’. நான்கு முட்டை அட்டை, ஒரு சொல். ‘மா’ என்பது ம் + ஆ என்று எத்தனை வாரம் கரும்பலகையில் எழுதியிருப்போம். அங்கே கூட்டல் குறிதான் நிற்கும், ஆகாரத்தைத் தனியாகக் கையில் தூக்கிக் காட்ட முடியாது. இங்கே முடியும். ‘அம்மா’ எழுத வேண்டும் என்று கட்டாயம் கேட்பார்கள். மெய்யின் தலையில் நாம் வைக்கும் புள்ளிக்குப் பிரெய்லிலும் ஒரே ஒரு புள்ளிதான், நான்காவது இடத்தில். ஆனால் எழுத்துக்கு மேலே வராமல் முன்னால் தனிக் கட்டமாக நிற்கும். ஆக அ, புள்ளி, ம, ம, ஆ: ஐந்து அட்டை. எண்ணிப் பார்த்துவிட்டு முட்டைப் பெட்டி வாங்குங்கள்.

அதன் பிறகு சின்ன அளவில். ஆளுக்கு ஒரு தடித்த அட்டைத் துண்டு, அடியில் மடித்த துண்டுத் துணி, மை தீர்ந்த பந்துமுனைப் பேனா. குத்தூசி வேண்டாம், சொல்லவே தேவையில்லை. அழுத்தினால் மறுபக்கம் புடைக்கும். ‘மா’ குத்திவிட்டுத் திருப்பினால் எழுத்து கண்ணாடியில் பார்ப்பது போல இடம் வலமாக மாறியிருக்கும். முன்பே எச்சரிக்காதீர்கள். “டீச்சர், தப்பா வந்திருக்கு!” என்று யாராவது கத்தட்டும். கையால் பிரெய்ல் எழுதுபவர்கள் தாளின் பின்பக்கம் வலமிருந்து இடமாகக் குத்துகிறார்கள், வாசிக்கும்போது திருப்பி இடமிருந்து வலமாக வாசிக்கிறார்கள். இதைச் சொன்னதும் இரண்டாவது அட்டை கேட்பார்கள், கூடுதலாக வெட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

குத்திக்கொண்டிருக்கும்போது யாராவது, கையிலிருக்கும் பேனாவைப் பார்த்து, “இது குத்தூசி மாதிரியே இருக்கு” என்று சொல்லக்கூடும். பிரெய்ல் எழுதும் கருவியும் அப்படிப்பட்ட ஒரு கூர்முனைதான். பிள்ளை தானாகச் சொன்னால் சொல்லட்டும், நீங்கள் எடுத்துக் கொடுக்க வேண்டாம். என் வகுப்பில் ஒரே ஒரு முறைதான் ஒருவன் சொன்னான், அன்று வேறு யாரும் பேசவில்லை.

அரை மணி நேரப் பாடவேளையில் இவ்வளவும் நடக்காது. முதல் நாள் துணிப்பையும் கதையும், இரண்டாம் நாள் ‘எந்தப் பக்கத்தில்’ கேள்வியும் புள்ளிகளும் என்று பிரித்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டு இதையே செய்வதாக இருந்தால் ஜனவரி முதல் வாரம் வசதி. அவர் பிறந்தது ஜனவரி 4, அந்த நாளைத்தான் உலகப் பிரெய்ல் நாளாகக் கொண்டாடுகிறார்கள். வேறு ஆளின் கதைக்குப் போக விரும்பினால், நம் ஊருக்குள்ளேயே நாராயண பிள்ளை இருக்கிறார். லூயி பாரிஸ் பள்ளிக்குப் போன அதே 1819இல் பினாங்கிலிருந்து ஆங்கிலேய அதிகாரி ராஃபிள்சோடு இங்கே சிங்கப்பூருக்கு வந்து, செங்கல் சூளை போட்டு, சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோவிலுக்கு அடித்தளம் இட்டவர். அவர் கதைக்கு ஒரு செங்கல்லைக் கொண்டு போய்த் தூக்கிப் பார்க்கச் சொன்னால் தொடங்கிவிடலாம்.

வீட்டுப்பாடமாக எழுத்து எதுவும் கொடுக்க வேண்டாம். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி மின்தூக்கியில் பொத்தான்களுக்குப் பக்கத்தில் புடைத்த புள்ளிகளைத் தேடச் சொல்லுங்கள். எண்ணுக்கு முன்னால் எண் குறி என்று ஒரு கட்டம் வரும்: 3, 4, 5, 6. அதற்குப் பின்னால் ஒற்றைப் புள்ளி நின்றால் அது முதல் மாடி. வகுப்பில் ‘அ’ என்று படித்த அதே புள்ளிதான், எண் குறி முன்னால் நின்றதால் 1 ஆகிவிட்டது. தடவிப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனதும் கை கழுவச் சொல்லுங்கள். எல்லா மாடிப் பொத்தானையும் அழுத்தக் கூடாது என்பதையும் மறக்காமல் சொல்லிவிடுங்கள். நான் ஒரு வருடம் மறந்துபோய், பெற்றோர் சந்திப்பில் நல்ல ஏச்சு வாங்கினேன்.